29 பேர், 90 நாள், ஒரு பெட் ஸ்கேன்: இன்சுலின் உணர்திறன் மருந்தை அல்சைமருக்குச் சோதித்த கதை

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. அம்மாவுக்கு வயது 71. அல்சைமர் நோயின் தொடக்க நிலை என்று நரம்பியல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். சர்க்கரை நோய் கிடையாது. எம்எஸ்டிசி-0160 என்ற, இன்சுலின் உணர்திறனைக் கூட்டும் மருந்தை அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் மூளையின் குளுக்கோஸ் பயன்பாடு குறையாமல் நின்றது என்று இவர் படித்திருக்கிறார். அந்த மருந்து கடையில் கிடைக்காது. ஆனால் அதன் நெருங்கிய உறவான பியோகிளிட்டசோனை அப்பா சர்க்கரைக்காகப் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறார். வீட்டிலேயே இருக்கும் அந்த மாத்திரையை அம்மாவுக்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன என்பது கேள்வி.

கொடுக்கக் கூடாது என்பதுதான் என் பதில். ஆனால் நீங்கள் படித்தது பொய் என்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சோதனை உண்மையாகவே நடந்தது, நேர்மையாகவே நடந்தது. அது எந்தக் கேள்வியைக் கேட்டதோ அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு பாதிப் பதிலைத் தந்தது. நாம் அதன்மேல் ஏற்றி வைக்கும் சுமைதான் அதற்குத் தாங்காது. ஏன் தாங்காது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில், சர்க்கரைக்கான மருந்தை மறதி நோய்க்கு ஏன் எடுத்தார்கள் என்பது. நம் உடல் எடையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதம்தான், ஆனால் உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அந்த ஆற்றலுக்குப் பெரும்பாலும் குளுக்கோஸையே நம்பியிருக்கிறது. அல்சைமர் நோயில் மூளையின் பக்கவாட்டு மேல்பகுதியிலும், நடுவில் பின்புறமாக உள்ள சிங்குலேட் பகுதியிலும், பொட்டுப் பகுதியிலும் குளுக்கோஸ் பயன்பாடு குறைவது ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். மறதி முற்றுவதற்கு முன்பே தெரிவதும் உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, நீரிழிவு உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 1999இல் சொன்னது. 2012இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், நீரிழிவு இல்லாமலே அல்சைமரால் இறந்தவர்களின் மூளைத் திசுவை எடுத்து, அதன்மேல் இன்சுலினை விட்டுப் பார்த்தபோது, நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸ் பகுதி இன்சுலினுக்கு மந்தமாகவே பதிலளித்ததைக் காட்டினார்கள். உங்கள் அம்மாவைப் போலச் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இந்த மருந்தைச் சோதிக்கலாம் என்ற துணிவு இத்தகைய கண்டுபிடிப்புகளிலிருந்துதான் வந்தது.

இதை வைத்து அல்சைமரை 'மூன்றாம் வகை நீரிழிவு' என்று அழைப்பவர்கள் இருக்கிறார்கள். பிரௌன் பல்கலைக்கழகத்தின் சூசன் டி லா மான்டே குழு 2005இல் முன்வைத்த பெயர் அது. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. தசையிலும் கொழுப்பிலும் இன்சுலின்தான் குளுக்கோஸுக்குக் கதவைத் திறக்கிறது; மூளையில் பெரும்பாலான இடங்களில் குளுக்கோஸ் இன்சுலினின் தயவில்லாமலே உள்ளே போகிறது. அங்கே இன்சுலின் செய்யும் வேலை வேறு: நரம்பு இணைப்புகளைப் பேணுவது, செல்களுக்கு உயிர்வாழும் சமிக்ஞையைக் கொடுப்பது போன்றவை. எனவே 'இன்சுலின் உணர்திறனைக் கூட்டினால் மூளைக்குச் சர்க்கரை கிடைக்கும்' என்ற எளிய கணக்கு அப்படியே பொருந்தாது. பெயர் மனதில் ஒட்டிக்கொள்கிறது என்பதற்காக உடற்கூறு அதற்கு வளைந்து கொடுக்காது.

எம்எஸ்டிசி-0160க்கு முன்னால் ஒரு பெரிய தோல்வி இருக்கிறது, அதைச் சொல்லாமல் இதைப் புரியவைக்க முடியாது. கிளிட்டசோன் என்று முடியும் பெயர்களைக் கொண்ட மருந்துக் குடும்பத்தில் ரோசிகிளிட்டசோன் ஒன்று. 2005இல் சுமார் 30 பேரிடம் நடந்த முன்னோட்டச் சோதனையில் அதைச் சாப்பிட்டவர்களின் நினைவாற்றல் சற்று மேலாக இருந்தது. அடுத்து 500க்கும் மேற்பட்டோரிடம் 24 வாரம் சோதித்தபோது மொத்தக் கூட்டத்தில் பயன் தெரியவில்லை; ஆனால் அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு வகை இல்லாதவர்களை மட்டும் பிரித்து எடுத்தால், அதிக அளவு மருந்து பெற்றவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. இங்கேதான் கவனிக்க வேண்டும். மொத்தத்தில் இல்லாத பயன் ஒரு துண்டில் மட்டும் தெரிந்தால் அது உண்மையாகவும் இருக்கலாம், சீட்டுக் கலைத்துப் போட்டதில் தற்செயலாக விழுந்த நல்ல கையாகவும் இருக்கலாம். எது என்று அறிய ஒரே வழி மறுபடி ஆடிப் பார்ப்பதுதான். ஆடிப் பார்த்தார்கள். சுமார் 700 பேரிடம் இந்த மருந்தைத் தனியாகக் கொடுத்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2010இல் வந்தது. வழக்கமான அல்சைமர் மருந்தோடு சேர்த்து 2,500க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்த இரு சோதனைகளின் முடிவு 2011இல் வந்தது. மூன்றிலும் பயன் இல்லை. மரபணு வகையைப் பிரித்துப் பார்த்தும் இல்லை. இதற்கிடையில் அந்த மருந்து மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்ற சர்ச்சை 2007இல் கிளம்பி, 2010இல் ஐரோப்பாவில் விற்பனை நிறுத்தப்பட்டது, இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது.

அந்தத் தோல்விக்கு ஒரு விளக்கம் இருந்தது: ரோசிகிளிட்டசோன் மூளைக்குள் சரியாக நுழைவதில்லை, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பில் உள்ள ஒரு புரதம் அதைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது. இன்னொரு குறை, இந்தக் குடும்பத்து மருந்துகள் செல்லின் உட்கருவில் உள்ள பிபிஏஆர்-காமா என்ற ஏற்பியைத் தூண்டுவதால் வருவது. உடலில் நீர் தேங்குவது, கால் வீங்குவது, எடை கூடுவது, எலும்பு பலம் குறைவது எல்லாம் அந்த வழியில் வருபவை. ஆகவே பெரும் அளவு கொடுக்கவும் முடியாது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில், ஜெர்ரி கோல்கா என்பவர் இணைந்து தொடங்கிய சிறிய நிறுவனம் இந்த இடத்தில்தான் ஒரு மாற்று வழியைச் சொன்னது. இந்த மருந்துகளின் நன்மை பிபிஏஆர்-காமாவால் மட்டும் வருவதில்லை, செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவில் இன்னொரு இலக்கு இருக்கிறது, அதைத் தொட்டுவிட்டு ஏற்பியைத் தொடாமல் விடும் மருந்தைச் செய்தால் நன்மையை வைத்துக்கொண்டு கெடுதியைக் குறைக்கலாம் என்பது அவர்கள் வாதம். எம்எஸ்டிசி-0160 அப்படி வந்ததுதான். அது எந்த இலக்கு என்பது பின்னர் தெளிவானது: குளுக்கோஸ் உடைந்து உண்டாகும் பைருவேட்டை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றும் கடத்திப் புரதம். அதை உருவாக்கும் மரபணுக்களை 2012இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. கிளிட்டசோன் மருந்துகள் அந்தக் கடத்தியைத் தடுக்கின்றன என்பது அடுத்த ஆண்டே வெளியானது. நீரிழிவு நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்தபோது, பியோகிளிட்டசோன் அளவுக்குச் சர்க்கரை குறைந்தது, நீர்த்தேக்கத்தின் அடையாளங்கள் குறைவாக இருந்தன.

இங்கே ஒரு முரண் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆற்றல் இல்லாமல் தவிக்கும் மூளைக்கு, எரிபொருள் உலைக்குள் போகும் வாசலை ஓரளவு அடைக்கும் மருந்தைக் கொடுப்பதா? விறகு இல்லாத அடுப்பின் வாயை மூடுவது போலல்லவா இருக்கிறது? ஆதரவாளர்களின் பதில், வாசல் முழுதாக மூடப்படுவதில்லை, லேசாக ஒருக்களிக்கப்படுகிறது என்பது. அப்போது செல் வேறு எரிபொருள்களுக்கு மாறக் கற்றுக்கொள்கிறது. நரம்பு செல்களிடம் செய்த சோதனைகளில், பைருவேட் வரத்து தடைப்பட்டபோது அவை குளுட்டமேட்டை எரிக்கத் தொடங்கின. அளவுக்கு மிஞ்சினால் நரம்பு செல்லைக் கொல்லும் பொருள் குளுட்டமேட் என்பதால் அதை எரித்துத் தீர்ப்பதில் ஒரு பாதுகாப்பும் இருக்கலாம். அழகான கருத்துதான். ஆனால் சோதனைத் தட்டில் உள்ள செல்லுக்கும் ஐம்பது ஆண்டு குடும்பம் நடத்திய ஒரு மூளைக்கும் இடையே தூரம் அதிகம்.

இனி அந்தச் சோதனை. சிகாகோவில் உள்ள ரஷ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் ராஜ் ஷா முன்னின்று நடத்தியது. முடிவு 2014இல் வெளியானது. லேசான அல்சைமர் உள்ள, நீரிழிவு இல்லாத 29 பேர். அவர்களில் 16 பேருக்குத் தினமும் 150 மில்லிகிராம் மருந்து, 13 பேருக்குப் பார்வைக்கு அதே போன்ற வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 90 நாள். தொடக்கத்திலும் முடிவிலும் பெட் ஸ்கேன்.

பெட் ஸ்கேன் எப்படி நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்து வருவது விளங்கும். நோயாளி சில மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும். கதிரியக்க ஃபுளோரின் அணு ஒட்டிய குளுக்கோஸ் போன்ற பொருளை நரம்பில் ஊசியாகப் போடுவார்கள். பிறகு மங்கலான, சத்தமில்லாத அறையில் பேசாமல் அரை மணி நேரமோ அதற்கு மேலோ அவரை இருக்கச் சொல்வார்கள், ஏனெனில் பேசினால் பேச்சுக்கான பகுதி கூடுதலாக எரிபொருள் கேட்கும். மூளை செல்கள் அந்தப் பொருளை குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் படி வரைதான் அதைச் செரிக்க முடியும், பிறகு அது செல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து வரும் கதிர்களை எண்ணினால் எந்தப் பகுதி எவ்வளவு பசியாக இருந்தது என்று தெரியும்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. ஊசியில் போன அளவு, நோயாளியின் எடை, அன்றைய இரத்தச் சர்க்கரை எல்லாம் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். அதனால் நோய் தாக்கும் பகுதியில் வந்த எண்ணை, நோய் அதிகம் தொடாத பகுதியில் வந்த எண்ணால் வகுப்பார்கள். தராசின் ஒரு தட்டில் பொருள், மறு தட்டில் படிக்கல். எந்தப் பகுதியைப் படிக்கல்லாக வைப்பது என்பதில்தான் சிக்கல். மூளைத்தண்டில் உள்ள பான்ஸ், சிறுமூளை ஆகியவற்றைப் படிக்கல்லாக வைத்தபோது, வெற்று மாத்திரை பெற்றவர்களின் மூளையில் குளுக்கோஸ் பயன்பாடு சரிந்தது, மருந்து பெற்றவர்களிடம் அது சரியாமல் நின்றது. முழு மூளையையே படிக்கல்லாக வைத்துக் கணக்கிட்டபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. நினைவாற்றல் தேர்வுகளில் இரு குழுவுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

நீங்கள் படித்த 'குறையாமல் நின்றது' என்பது இதில் முதல் பாதி. அதை ஆதரித்தும் பேசலாம்: அல்சைமரில் முழு மூளையுமே மெல்லத் தேய்கிறது, தேய்ந்துகொண்டே போகும் கல்லை வைத்து நிறுத்தால் பொருள் தேய்வது எப்படித் தெரியும், ஆகவே பான்ஸ்தான் நம்பத் தக்க கல் என்பார்கள். எதிர்த்தும் பேசலாம்: மருந்து உடல் முழுவதும் மைட்டோகாண்ட்ரியாவைத் தொடுவது, பான்ஸிலும் சிறுமூளையிலும் குளுக்கோஸ் செலவை அது சற்றே குறைத்திருந்தாலும் படிக்கல் இலேசாகி, பொருள் கனத்தது போலத் தெரியும். 29 பேரை வைத்து இந்த இரண்டில் எது சரி என்று பிரிக்க முடியாது. அந்தச் சோதனையின் நோக்கமும் நோயைத் தடுக்க முடியுமா என்று அறிவதல்ல. மருந்து மூளையில் ஏதாவது செய்கிறதா, பாதுகாப்பாகக் கொடுக்க முடியுமா என்று முதலில் தட்டிப் பார்ப்பதுதான். இதை இரண்டாம் கட்டத்தின் முதல் பாதி என்பார்கள். கதவைத் தட்டியதில் உள்ளே ஏதோ அசைந்த சத்தம் கேட்டது. அதற்குமேல் அதில் எதுவும் இல்லை. பெரிய மூன்றாம் கட்ட அல்சைமர் சோதனைக்கு இந்த மருந்து போகவில்லை. பின்னர் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சியின் பக்கம் அது திரும்பியது.

இது ஒன்றும் அந்த மருந்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. லிராகுளுட்டைட் என்ற, வேறு வகை நீரிழிவு ஊசியை டென்மார்க்கில் 38 அல்சைமர் நோயாளிகளுக்கு 26 வாரம் கொடுத்து 2016இல் முடிவை வெளியிட்டபோதும் இதே செய்திதான் வந்தது: மூளையின் குளுக்கோஸ் பயன்பாடு சரியாமல் நின்றது, நினைவாற்றலில் மாற்றமில்லை. பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரி 204 பேரிடம் ஓராண்டு அதே ஊசியைச் சோதித்தது. குளுக்கோஸ் பயன்பாட்டைத்தான் முதன்மை அளவுகோலாக வைத்திருந்தார்கள். அதில் வித்தியாசம் கிடைக்கவில்லை. துணை அளவுகோல்களில் ஒன்றான நினைவு, சிந்தனைத் தேர்வுகளில் மட்டும் சரிவு மெதுவாக இருந்தது. அந்தத் துணை முடிவைப் பிடித்துக்கொண்டு நம்பியவர்களுக்கு அடுத்த அடி 2025 நவம்பரில் விழுந்தது: அதே குடும்பத்து செமாகுளுட்டைட்டை மாத்திரையாக இரு சோதனைகளில் மொத்தம் 3,808 பேரிடம் சோதித்ததில், நோயின் போக்கைக் காட்ட உடலில் அளக்கும் சில அடையாளங்கள் மேம்பட்டும் நோய் முன்னேறும் வேகம் குறையவில்லை. இரத்தத்திலோ ஸ்கேனிலோ ஒரு எண் நல்ல பக்கம் நகர்வதும், அம்மா சமையலறையில் அடுப்பை அணைக்க மறக்காமல் இருப்பதும் இரு வேறு விஷயங்கள்.

இப்போது அப்பா சாப்பிடும் பியோகிளிட்டசோனுக்கு வருவோம். இதற்கு ஆதரவாக எல்லோரும் எடுத்துக் காட்டுவது ஜெர்மனியின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகள். 60 வயதுக்கு மேற்பட்ட 1,45,928 பேரின் 2004 முதல் 2010 வரையிலான தகவலைப் பார்த்ததில், நீண்ட காலம் பியோகிளிட்டசோன் எடுத்துக்கொண்டவர்களுக்கு மறதி நோய் அபாயம், நீரிழிவே இல்லாதவர்களைவிட 47 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2015இல் எழுதினார்கள். கண்ணைப் பறிக்கும் எண். ஆனால் இதய பலவீனம் உள்ளவர்களுக்கு எந்த மருத்துவரும் இந்த மருந்தை எழுதுவதில்லை. கால் வீங்கியவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காகத் தொடர்பவர், அத்தனை காலம் நலமாகவும் மாத்திரையை மறக்காமலும் இருப்பவர். மறதி தொடங்கியவர் மாத்திரையை ஒழுங்காகத் தொடர்வது அரிது. ஆகவே மருந்து அவரைக் காத்ததா, காக்கப்பட்டவர்தான் மருந்தைத் தொடர்ந்தாரா என்பதைப் பதிவேடு சொல்லாது.

அதைச் சொல்ல வேண்டிய சோதனையும் நடந்தது. டுமாரோ என்று பெயர். ஏபிஓஇ4க்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பை 1993இல் வெளிக்கொணர்ந்த டியூக் பல்கலைக்கழகத்தின் ஆலன் ரோசஸ் இதற்குப் பின்னால் இருந்தார், டக்கேடா என்ற மருந்து நிறுவனம் நடத்தியது. ஐந்து நாடுகளில் 65 முதல் 83 வயது வரையிலான, நினைவு நன்றாக உள்ள 3,494 பேர். நீரிழிவுக்கு 15 முதல் 45 மில்லிகிராம் வரை கொடுக்கும் மருந்தை இங்கே தினமும் வெறும் 0.8 மில்லிகிராம் கொடுத்தார்கள். மரபணுவை வைத்து அதிக அபாயம் உள்ளவர்கள் என்று கணித்தவர்களில், மருந்து பெற்ற 1,430 பேரில் 39 பேருக்கும் வெற்று மாத்திரை பெற்ற 1,406 பேரில் 46 பேருக்கும் அல்சைமரின் முன்நிலை வந்தது. 20 சதவீதம் குறைவு போலத் தெரிந்தாலும், புள்ளியியல் வரம்பு 55 சதவீதக் குறைவிலிருந்து 40 சதவீத அதிகரிப்பு வரை நீண்டது. அதாவது ஒன்றும் சொல்ல முடியாது. பயன் தெரிய வாய்ப்பில்லை என்று 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். மருந்தின் அளவு மிகக் குறைவு என்ற விமர்சனம் நியாயமானதே என்பது என் கருத்து. ஆனால் அந்த விமர்சனம், அதிக அளவு கொடுத்தால் பயன்படும் என்பதற்குச் சான்று ஆகாது.

அதிக அளவில் கொடுத்தால் என்ன விலை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். நீர் தேங்கும், மறைந்திருக்கும் இதய பலவீனம் வெளிவரும், பெண்களுக்கு எலும்பு முறிவு கூடும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறித்த அச்சத்தால் இந்திய அரசு 2013 ஜூனில் இதை நிறுத்தி, ஜூலை இறுதியில் எச்சரிக்கைக் குறிப்போடு மறுபடி அனுமதித்தது. சர்க்கரை உள்ளவருக்கு இந்த அபாயங்களுக்கு எதிரே ஒரு நிச்சயமான நன்மை இருக்கிறது, அதனால் உங்கள் அப்பா தன் மருத்துவர் சொல்லும்வரை அதைத் தொடர்வதில் தவறில்லை. உங்கள் அம்மாவுக்குத் தட்டின் அந்தப் பக்கம் காலி. 71 வயதில், மறதியும் உள்ள ஒரு பெண் இடுப்பு எலும்பு முறிந்து படுத்தால், அல்சைமர் ஓராண்டில் செய்வதை அது ஒரு மாதத்தில் செய்துவிடும்.

இன்னொன்றையும் இன்றே பாருங்கள்: அப்பாவின் மாத்திரை அட்டையைத் திருப்பி, சின்ன எழுத்தில் உள்ள உட்பொருள்களைப் படியுங்கள். நம் ஊரில் பியோகிளிட்டசோன் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற வேறு சர்க்கரை மருந்துகளோடு சேர்த்து ஒரே மாத்திரையாக வருவதே வழக்கம். பியோகிளிட்டசோன் தனியாக இருந்தால் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது, ஆனால் கிளிமிபிரைடு தாழ்த்தும். சர்க்கரை நோயே இல்லாத, சாப்பிட மறந்துவிடக்கூடிய ஒருவருக்கு அது இன்னும் வேகமாகத் தாழ்த்தும். அப்போது அவர் குழம்புவார், வாய் குழறும், ஆளை அடையாளம் தெரியாது, வீட்டில் உள்ளவர்கள் மறதி முற்றிவிட்டது என்று நினைத்து அவரைப் படுக்க வைத்துவிடுவார்கள். அந்த அட்டையை அம்மாவின் கைக்கு எட்டாத இடத்தில், அவருடைய மருந்துகளோடு கலக்காமல் வையுங்கள்.